கீறலா, அச்சுப் பிழையா? நிழல் சொல்லும் விடை

தருமபுரியில் எங்கள் தெருவில் வசிக்கும் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு மாலை என்னிடம் ஓடி வந்தான். கையில் ஓர் ஐந்து ரூபாய் நாணயம்.

"சார், சிங்கத் தலைக்குக் குறுக்கே ஒரு கோடு இருக்கிறது பாருங்கள். இது நாணயச்சாலையில் நேர்ந்த பிழையாம். ஒரு லட்சம் தருவதாகக் கைப்பேசியில் ஒருவர் சொல்கிறார். முதலில் இரண்டாயிரம் ரூபாய் பதிவுக் கட்டணம் அனுப்ப வேண்டுமாம்" என்றான்.

அந்தக் கோடு எங்கே பிறந்தது? நாணயச்சாலையிலா, வெளியே வந்த பிறகா? மாணவ நண்பர்களே, நல்ல புகைப்படம் இருந்தால் இதை நீங்களே கண்டறியலாம்.

நம் நாட்டில் மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் நாணயச்சாலைகள் உள்ளன. அங்கே உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுகிறார்கள். வில்லையின் ஓரத்தை உருட்டி அழுத்தி விளிம்பை உயர்த்துகிறார்கள். பிறகு அதை ஒரு வளையத்துக்குள் வைத்து, இரண்டு எஃகு அச்சுகளுக்கு இடையே பலமாக அழுத்துகிறார்கள். உலோகம் அச்சின் பள்ளங்களுக்குள் பாய்ந்து நிரம்புகிறது. ஆகவே அச்சில் பள்ளமாக இருப்பது நாணயத்தில் மேடாகும்.

இப்போது அச்சில் ஒரு விரிசல் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விரிசலும் ஒரு பள்ளம்தானே? அதற்குள்ளும் உலோகம் புகும். நாணயத்தில் மேடான கோடு தோன்றும். இது அச்சுப் பிழை.

ஆணியால் கீறினால் என்ன ஆகும்? ராகிக் கொல்லையில் ஏர் ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் சால், இருபுறமும் ஒதுங்கிய மண். கீறலும் அப்படித்தான். ஒதுக்கப்பட்ட உலோகம் பள்ளத்தின் ஓரங்களில் மெல்லிய வரப்பாக நிற்கும். அச்சுக்கும் வில்லைக்கும் இடையே நூலிழை சிக்கினாலும் பள்ளம் விழும். ஆனால் அங்கே வரப்பு இராது.

மேடா பள்ளமா என்பதைப் படத்தில் எப்படி அறிவது? இங்கேதான் நம் கண் ஏமாறும். ஒளி மேலிருந்து வருவதாகவே மூளை எண்ணிக்கொள்ளும். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் பள்ளம் மேடாகத் தெரிவதும் உண்டு!

இதற்கு ஓர் எளிய சோதனை. கைப்பேசியின் பிளாஷை அணைத்துவிடுங்கள். நேர் எதிரே விழும் ஒளி நிழல்களை அழித்துவிடும். டார்ச் விளக்கை நாணயத்தின் இடப்புறம் தாழ்வாகப் பிடித்து ஒரு படம் எடுங்கள். பிறகு வலப்புறமிருந்து இன்னொன்று. எழுத்துகள் மேடானவை என்பது நமக்குத் தெரியும். அவற்றில் விளக்கை நோக்கிய பக்கம் பளிச்சிடும், மறுபக்கம் இருளும். கோடும் அவ்வாறே இருந்தால் அது மேடு. விளக்கின் பக்கம் இருண்டு, மறுபக்கம் பளிச்சிட்டால் பள்ளம்.

ஓரம் குறைந்த நாணயத்துக்கும் ஒரு சோதனை உண்டு. வில்லை வெட்டும்போதே குறைந்திருந்தால், நேர் எதிர்ப்புற விளிம்பும் பெரும்பாலும் மழுங்கியிருக்கும். ஏனெனில் விளிம்பை உருட்டும்போது குறைந்த பக்கத்தில் தாங்கல் இல்லை. எதிர்ப்பக்கத்திலும் போதிய அழுத்தம் விழுவதில்லை. அரத்தால் ராவிய நாணயத்தில் எதிர் விளிம்பு ஒழுங்காகவே இருக்கும்.

நம் மாணவனின் நாணயத்தை அவனே படம் எடுத்தான். எழுத்துகளின் நிழல் ஒரு பக்கம். கோட்டின் நிழல் மறுபக்கம். பெரிதாக்கிப் பார்த்தபோது இரு ஓரங்களிலும் வரப்பு. சந்தேகமில்லை, கீறல்தான்! அவன் பணம் அனுப்பவில்லை.

பழைய நாணயங்களை வாங்குவதாகச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. மெய்யான அச்சுப் பிழையாகவே இருந்தாலும், விற்பவரிடம் முன்பணம் கேட்பவர் வாங்க வந்தவர் அல்லர்.

இன்றிரவே வீட்டில் உள்ள சில்லறையை எடுத்து, டார்ச் விளக்கின் கீழே பாருங்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது?