பெற்றோர் பிரிந்தால் பிள்ளையின் உடம்பு என்னாகும்?



புருஷன் பெண்சாதி பிரிவது கோர்ட்டு விவகாரம், இதில் டிரசருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. சண்டை பெரியவர்களுடையது. வயிற்றுவலி என்று மருந்தக பெஞ்சில் வந்து உட்காருவது பிள்ளை.

வீட்டில் பிரிவு வந்ததும் பிள்ளை சரியாகச் சாப்பிடாது. பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் தலைவலி என்று அழும். படுக்கை நனைப்பதை எப்போதோ நிறுத்திய பிள்ளை மறுபடியும் நனைக்கும். இதற்காக அடிக்காதீர்கள், அது வேண்டுமென்று செய்வதில்லை. அதற்காக எல்லாம் ஏக்கம்தான் என்று நீங்களே முடிவு கட்டவும் கூடாது. சிறுநீரில் கிருமி இருந்தாலும் இப்படி ஆகும். தாகம், அடிக்கடி சிறுநீர், உடம்பு மெலிவது இவையும் சேர்ந்தால் இனிப்பு நீராக இருக்கலாம். அன்றைக்கே கிளினிக்கில் காட்டுங்கள்.

சட்டம் சொல்வது

இஸ்லாமியர் அல்லாதவர்களின் திருமணத்துக்கும் மணவிலக்குக்கும் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 1982 மார்ச் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் கோர்ட்டு முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படியல்ல என்று காட்டினால் மாறலாம். விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் கவனிப்பார்கள். பிள்ளை யாரிடம் இல்லையோ, அவர் வந்து பார்க்கவும் கோர்ட்டு நாள் குறித்துக் கொடுக்கலாம்.

“அவரு மாசக் காசு குடுக்கிறதில்ல, நான் எதுக்குப் பிள்ளையக் காட்டணும்?” என்றார் ஒரு தாய். “பிள்ளையக் காட்டல, நான் எதுக்குக் காசு குடுக்கணும்?” என்றார் இன்னொரு தகப்பனார். இரண்டுமே தப்பு. பிள்ளை தன்னிடம் இல்லாவிட்டாலும் அதன் செலவைத் தாங்குவது பெற்றோர் கடமை. முன்பு இது 18 வயது வரை என்று இருந்தது. 2018 டிசம்பர் 15 முதல், மேற்படிப்போ பயிற்சியோ முடியும் வரை என்றும் சேர்த்திருக்கிறார்கள். காசு வராவிட்டால் கோர்ட்டில் கேளுங்கள். பிள்ளையை மறைத்து வைத்துக் கேட்காதீர்கள்.

குடித்துவிட்டுப் பிள்ளையை அடிக்கிறவர் என்றால் கதை வேறு. போலீசில் புகார் கொடுங்கள், கோர்ட்டுக்கும் தெரிவியுங்கள். வக்கீலுக்குக் காசில்லை என்றால் அரசாங்கச் சட்ட உதவி இலாகாவில் (ஜபாத்தான் பந்துவான் குவாமான்) போய்க் கேளுங்கள்.

பிள்ளை கைமாறும் நாளில்

1. மருந்து கூடவே போகட்டும். ஆஸ்துமா உள்ள பையன் ஒருவன் சனிக்கிழமை அப்பாவிடம் போனான். நீலப் பம்பு அம்மா வீட்டு அலமாரியில் இருந்துவிட்டது. அப்பாவின் அறையில் கொசுவர்த்திப் புகை, சிகரெட்டுப் புகை. நடுராத்திரியில் இழுப்பு கண்டு, உதடு நீலம் பாரித்த பிறகுதான் ஆஸ்பத்திரி சேர்ந்தான். பிழைத்தது பெரிய காரியம். பம்பு அடிக்கும் முறையை அப்பா, அம்மா இருவரும் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு வீட்டிலும் புகை வேண்டாம்.

2. சுகாதாரப் புத்தகமும் போகட்டும். 9, 12 மாதங்களில் தட்டம்மை ஊசியும் 18-ஆம் மாதத்தில் இன்னொரு ஊசியும் உண்டு. அவர் போட்டிருப்பார் என்று இவரும், இவர் போட்டிருப்பார் என்று அவரும் இருந்தால் பிள்ளைக்கு ஊசி தவறிவிடும்.

3. தூங்கும் நேரம், சாப்பாட்டு நேரம் இரண்டு வீட்டிலும் ஒன்றாக இருக்கட்டும்.

4. பிள்ளையிடம் தூது சொல்லி அனுப்பாதீர்கள். “ஒங்கப்பன் வேற யாரயாச்சும் கூட்டியாந்திருக்கானா?” என்று துருவாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பல பிள்ளைகளுக்கு வயிற்றுவலி தொடங்குகிறது.

5. வருகிறேன் என்று சொன்ன நாளில் வந்துவிடுங்கள். பிள்ளை சட்டை மாட்டிக்கொண்டு லயத்து வாசலில் காத்திருக்கும். வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

எந்த நாள் யாரிடம், என்ன மருந்து, எந்த நேரம் என்று ஒரே தாளில் எழுதி இரண்டு வீட்டுச் சுவரிலும் ஒட்டிவையுங்கள். எழுத வராதவர்கள் பிரட்டு முடிந்ததும் மருந்தகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன்.

— தோட்ட மருத்துவ உதவியாளர்