இனாம் டிக்கெட்டின் விலை

தாம்பரத்திலிருந்து திரிசூலத்துக்கு மின்சார ரயிலில் செல்ல 5 ரூபாய் கொடுத்தால் போதும். 1931ஆம் ஆண்டில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே அந்த ரயில் ஓடத் தொடங்கிய நாள் முதல், சொல்லும் தொகை ஒன்று, வாங்கும் தொகை வேறொன்று என்ற நிலை அந்த ஜன்னலில் ஏற்பட்டதாக நாம் அறியோம். ஆனால் திரிசூலத்தில் இறங்கிச் சாலையைக் கடந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குள் நுழைந்ததும் கணக்குச் சாஸ்திரமே மாறிவிடுகிறது. அங்கே இனாம் என்று பெயர் சூட்டப்பட்ட டிக்கெட்டுக்கும் பல்லாயிரம் ரூபாய் கட்ட வேண்டியிருக்கிறது.

கிழக்குத் தாம்பரத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நமது காரியாலயத்துக்கு வந்து ஒரு ரசீதை மேஜை மீது வைத்தார். மகள் கலியாணத்துக்கு வேண்டிய நகை, ஜவுளி, மண்டப வாடகை எல்லாவற்றையும் பாங்கியின் கடன் அட்டையைக் கொண்டே செலுத்தியவர் அவர். அதனால் சேர்ந்த புள்ளிகளை அயல்நாட்டு விமானக் கம்பெனி ஒன்றின் 'மைல்'களாக மாற்றி, லண்டனில் குடியிருக்கும் மகளைப் பார்த்துவரத் தமக்கும் தம் மனைவியாருக்கும் இரண்டு டிக்கெட்டுகள் எடுத்தார். கட்டணம் என்ற இடத்தில் சைபர் இருந்தது. அதன் கீழே, 'வரிகளும் கட்டணங்களும்' என்ற தலைப்பில், அவருடைய இரண்டு மாதப் பென்ஷனை விழுங்கும் தொகை இருந்தது. "சர்க்கார் வரி என்கிறார்கள், ஸார். வரி என்றால் கட்டத்தானே வேண்டும்?" என்றார் அவர்.

அந்தத் தொகையைப் பிரித்துப் பார்த்தோம். சர்க்காருக்கும் விமான நிலையங்களுக்கும் போவது சிறு பங்கு. பெரும் பங்கு கம்பெனி தனக்கென்று விதித்துக்கொண்டது!

உண்மையான வரிகள் எவை என்பதை முதலில் சொல்லிவிடுவோம். பிரயாணியைச் சோதித்துக் காவல் செய்வதற்கான பாதுகாப்புக் கட்டணம் 2019 ஜூலை முதல் தனிப் பெயருடன் வசூலாகிறது. 2021 ஏப்ரலில் அது உள்நாட்டுப் பிரயாணிக்கு 200 ரூபாயாகவும், வெளிநாடு செல்பவருக்கு 12 டாலராகவும் உயர்ந்தது. நிலையத்தை உபயோகிப்பதற்கான கட்டணத்தை 2008ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி அமைந்த விமான நிலையப் பொருளாதார ஒழுங்காணையம் நிர்ணயிக்கிறது. லண்டனிலிருந்து புறப்படுகிறவரிடம் பிரிட்டிஷ் சர்க்கார் 1994 முதல் விமானப் பிரயாணி வரி வாங்கிவருகிறது. இவற்றுக்குச் சட்டம் உண்டு. கேட்டால் கணக்கும் உண்டு. சட்டமின்றி வாங்கினால் நியாயஸ்தலம் சும்மா இருப்பதில்லை. டில்லி, பம்பாய் விமான நிலையங்களுக்காகப் பிரயாணிகளிடம் அபிவிருத்திக் கட்டணம் வசூலிக்க மத்திய சர்க்கார் 2009இல் வெறும் கடித மூலம் கொடுத்த அனுமதியை, 2011 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டார் செல்லாது என்று தள்ளினார்கள். சட்டத்தின் அதிகாரமின்றி வரி விதிக்கலாகாது என்பது நம் அரசியல் சாசனத்தின் விதி.

எரிபொருள் சர்சார்ஜ் என்னும் மேல்கட்டணமோ எந்தச் சட்டசபையும் விதித்ததன்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணெய் விலை ஏறியபோது, தற்காலிக ஏற்பாடு என்று சொல்லிக் கம்பெனியார் இதைக் கொண்டுவந்தார்கள். டிக்கெட் ஏஜெண்டுகளின் கமிஷன் அடிப்படைக் கட்டணத்தின் மீதுதான் கணக்கிடப்பட்டது. மைல்களால் அடைபடுவதும் அடிப்படைக் கட்டணம்தான். ஆகவே அடிப்படையைச் சிறுக்கவைத்து மேல்கட்டணத்தைப் பெருக்கினால் லாபம் யாருக்கு என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். 2008 ஜூலையில் பீப்பாய்க்கு 147 டாலர் வரை சென்ற எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே விழுந்தது. அதற்கேற்பக் கட்டணம் விழுந்ததா? எரிபொருள் என்று சொன்னால் எரிபொருள் செலவோடு அது பொருந்தியிருக்க வேண்டும் என்று 2012இல் அமெரிக்கப் போக்குவரத்து இலாகா எச்சரித்தது. அதன்பின் பல கம்பெனிகள் பெயரை மட்டும் 'கம்பெனி விதிக்கும் கட்டணம்' என்று மாற்றிக்கொண்டன. நமது ஆசிரியரின் ரசீதில் இருந்ததும் இந்தப் புதுப் பெயர்தான்.

நம் நாட்டுக் கம்பெனிகளும் இவ்விஷயத்தில் நிரபராதிகள் என்று நாம் சொல்லத் துணியோம். சரக்கு விமானப் போக்குவரத்தில் எரிபொருள் மேல்கட்டணத்தைப் பேசிவைத்துக்கொண்டு ஏற்றினார்கள் என்று ஜெட் ஏர்வேஸ், இண்டிகோ, ஸ்பைஸ்ஜெட் ஆகிய மூன்று கம்பெனிகளுக்கும் போட்டி ஆணையம் 2015 நவம்பரில் அபராதம் விதித்தது. அப்பீலில் அது ரத்தாகித் திரும்பிவர, 2018 மார்ச்சில் மீண்டும், தொகையைக் குறைத்து, விதித்தது. பிரயாணிகள் விஷயத்தில் இண்டிகோ கம்பெனியார் செய்த ஒரு காரியத்தையும் சொல்வது நியாயம். 2023 அக்டோபரில் தூரத்துக்கேற்ப 300 ரூபாய் முதல் 1000 ரூபாய் வரை எரிபொருள் கட்டணம் விதித்தவர்கள், எண்ணெய் விலை இறங்கியதும் 2024 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார்கள். எடுக்க முடியும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

இப்போது சட்டத்தின் வாசகத்துக்கு வருவோம். டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திருப்பித் தருவது பற்றிச் சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் இயற்றி, 2016 ஆகஸ்டில் அமலுக்கு வந்த விதியில் இரண்டு அம்சங்கள் உள்ளன. பிரயாணம் செய்யாதவருக்குச் சட்டபூர்வமான வரிகளையும் நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தந்தே ஆகவேண்டும். சலுகை டிக்கெட்டானாலும் சரியே. ரத்துக் கட்டணமோ, அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் மேல்கட்டணமும் சேர்ந்த தொகையை மீறலாகாது. கவனியுங்கள்: சர்க்காரின் விதியே எரிபொருள் கட்டணத்தை வரிகளின் பந்தியில் உட்காரவைக்கவில்லை, அடிப்படைக் கட்டணத்தின் பக்கத்தில் உட்காரவைக்கிறது. ரத்து செய்யும்போது அது கட்டணம். மைல் கொடுத்து வாங்கும்போது மட்டும் அது வரியா? ஒரே பொருளுக்குக் கம்பெனிக்கு வேண்டியபோதெல்லாம் வேறு வேறு பெயர் என்பதை எந்த நியாயாதிபதியும் ஒப்பமாட்டார் என்பது நமது அபிப்பிராயம்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். இது தானமன்று. பாங்கியார் கம்பெனியிடமிருந்து மைல்களை ரொக்கம் கொடுத்து வாங்குகிறார்கள். அந்த ரொக்கம் அட்டைக்காரரின் வருஷச் சந்தாவிலும் கடைக்காரர் கட்டும் கமிஷனிலும் பிறந்தது. 2020இல் அமெரிக்காவின் யுனைடெட் கம்பெனியார் தங்கள் மைல் திட்டத்தையே ஈடு காட்டி 680 கோடி டாலர் கடன் எழுப்பினார்கள். இனாமை எந்த லேவாதேவிக்காரன் ஈடாக ஏற்பான்? அதே யுனைடெட் கம்பெனி, மைல் டிக்கெட்டுகளுக்கு இந்த மேல்கட்டணத்தை வாங்காமலே தொழில் நடத்தி வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். மேலும் கம்பெனிகள் தரும் இனாம் தமிழருக்குப் புதிதன்று. 1906இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் விட்டபோது, பிரிட்டிஷ் கம்பெனியார் தூத்துக்குடியில் கட்டணமில்லாமல் ஏற்றிச் சென்றதோடு குடையும் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். அந்தக் குடைக்கு விலை கொடுத்தது யார் என்பதை நாடு பிற்பாடு கண்டது.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் கம்பெனியின் மைல் சேமிப்போர் சிலர், எரிபொருள் கட்டணத்துக்கும் எரிபொருள் செலவுக்கும் சம்பந்தமில்லை என்று 2012இல் நியூயார்க்கில் வழக்குத் தொடர்ந்தார்கள். வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளிவிடக் கம்பெனி செய்த முயற்சி பலிக்கவில்லை. 2018இல் சமரசம் ஏற்பட்டது. நம் நாட்டில் ஒவ்வோர் ஆசிரியரும் கோர்ட்டுப் படி ஏறவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. விமான இலாகா ஓர் உத்தரவு போட்டால் போதும்: கம்பெனி தனக்கென்று வாங்கும் தொகை எதுவும் வரி என்ற தலைப்பின் கீழ் வரலாகாது, கட்டணம் சைபர் என்று சொல்லும் டிக்கெட்டில் அதுவும் மைல்களாலேயே அடைபட வேண்டும். 1934ஆம் வருஷத்து விமானச் சட்டத்தை மாற்றிப் புதிய சட்டம் 2025 ஜனவரி முதல் அமலில் உள்ளது. பழைய பழக்கத்தைத் திருத்த இதைவிட நல்ல தருணம் இல்லை.

இன்னொரு திருத்தமும் அவசரமானது. மேற்சொன்ன 2016ஆம் வருஷத்து விதி, அயல்நாட்டுக் கம்பெனிகள் தத்தம் நாட்டு முறைப்படி பணத்தைத் திருப்பித் தந்தால் போதும் என்று ஒரு வாசலைத் திறந்துவிட்டது. மீனம்பாக்கத்தில் ஏறவேண்டியவர், இந்த நிலையத்துக்கென்று கட்டிய பணத்தை, ஏறாமற்போனால் திரும்பப் பெறுவதற்கு வேறொரு தேசத்தின் சட்டத்தைத் தேடவேண்டுமாம். பம்மலிலும் பொழிச்சலூரிலும் தலைக்கு மேல் இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு, வீட்டின் உயரத்துக்கும் விமான நிலையத்தாரிடம் அனுமதி கேட்டு நிற்கும் ஜனங்களுக்கு இது வேடிக்கையாகப் படாது.

ஆசிரியரின் மனைவியாருக்கு முழங்காலில் சிகிச்சை செய்ய நேர்ந்தது. டிக்கெட்டுகளை ரத்து செய்தார். அபராதம் போக மைல்கள் திரும்பி வந்தன. சர்க்காருக்கும் நிலையத்துக்கும் என்று வாங்கிய பணத்தைக் கேட்டு அவர் மூன்று கடிதங்கள் எழுதிவிட்டார். இதை எழுதும் வரை ஒரு பதிலும் வரவில்லை.