வெளுக்காத சாயமும் உவர்த்த ஆறும்

புலம்பெயர்ந்த நாடுகளில் நாம் வாங்கி அணியும் பருத்திப் பின்னலாடைகள் பலவற்றில் ‘இந்தியாவில் தயாரிக்கப்பட்டது’ என்ற குறிப்பைக் காண்கிறோம். அவற்றுள் கணிசமானவை தமிழ்நாட்டின் திருப்பூரில் உருவானவை. பன்முறை துவைத்தும் அவற்றின் நிறம் எளிதில் மங்குவதில்லை. அந்நிறம் எவ்வாறு நிலைக்கிறது, அதற்கு எவர் விலை கொடுத்தனர் என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

முன்னர் வழங்கிய எளிய சாயங்கள் பருத்தி இழையில் ஒட்டி நின்றனவேயன்றி அதனோடு இணையவில்லை. ஆதலால் சலவையிற் கரைந்தன. 1954இல் இங்கிலாந்தின் மன்செஸ்ரரில் ஐ.சி.ஐ. நிறுவனத்தைச் சேர்ந்த ரட்டீ, ஸ்டீபன் என்னும் இரசாயனவியலாளர் இருவர், காரக் கரைசலில் இழையோடு இரசாயனப் பிணைப்புக் கொள்ளும் சாயங்களைக் கண்டறிந்தனர். 1956இல் அவை ‘புரோசியன்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தன. சாயம் இழையின் ஓர் அங்கமாகவே ஆயிற்று.

ஆயின், நீரில் நனைந்த பருத்தியும் இச்சாயமும் ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்குபவை. சாயத்தை இழையின்பாற் செலுத்த உப்பு வேண்டும். ஆழ்ந்த நிறங்களுக்கு லீற்றர் ஒன்றுக்கு 50 முதல் 80 கிராம் வரை இடுவது வழக்கம். கடல்நீரிற்கூட ஏறத்தாழ 35 கிராம் உப்பே உண்டு. பின்னர் சலவைச் சோடாவைச் சேர்க்கப் பிணைப்பு நிகழ்கிறது. உப்போ எதனோடும் இணையாது கழிவுநீருடன் வெளியேறுகிறது. சாயத்திலும் ஒரு பகுதி நீருடன் வினைபுரிந்து வீணாகிறது. கழிவின் நிறத்தை அகற்றினாலும் உப்பு எஞ்சி நிற்கும்.

திருப்பூரின் சாயப்பட்டறைகள் இக்கழிவைப் பல்லாண்டுகள் நொய்யலாற்றில் விட்டன. பாசனத்துக்கென 1992இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. கிணறுகள் உவர்த்தன, வயல்கள் பாழாயின. விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்தனர். பின்னர், கழிவை வெளியே விடாது, நீரையும் உப்பையும் மீட்டெடுக்கும் நிலையங்களுடன் பட்டறைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. அந்நிலையங்களை இயக்க மிகுந்த மின்சாரமும் பெருஞ்செலவும் தேவை.

அச்செலவை ஏற்பவர் யார் என்பதே வினா. மலிவையே கோரும் மேற்குலக வணிகர் அதனைப் பகிர மறுப்பின், சுமை பட்டறையின் மீதும் ஈற்றில் ஆற்றின் மீதுமே விழும். மண்ணைப் பிரிந்து வாழும் நமக்கு, வயலை உப்புக்குப் பறிகொடுத்த உழவரின் துயர் விளங்காததன்று. ஆடையின் விலைச்சீட்டை நோக்கும்போது, உப்பை மீட்கும் செலவும் அதில் அடங்கியுள்ளதா எனக் கேட்கப் பழகுவோம்.