புதிய ஊரில் முதல் நாள்

வெளியூர்ப் பயணம் என்றதும் பலரும் முதலில் செய்வது பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலிடுவதே. பட்டியல் நீளநீளப் பயணம் சிறக்கும் என்று எண்ணுகிறோம். காலையில் நான்கு இடங்கள், மாலையில் நான்கு இடங்கள் என்று வகுத்த திட்டம் பெரும்பாலும் மூன்றாவது இடத்திலேயே தளர்ந்துவிடுகிறது. பாட்டி படியில் அமர்ந்துவிடுகிறார். தம்பி தண்ணீர் கேட்டு அழுகிறான். தந்தையார் கடிகாரத்தைப் பார்க்கிறார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் இரண்டு நாள் வெளியூர் காண வந்த குடும்பத்திற்கு இது சிறிய இழப்பன்று. இக்காலத்தில் வீட்டில் திறன்பேசியைக் கையாளத் தெரிந்தவர் நீங்கள் என்பதால், பயணத்திட்டம் வகுக்கும் பொறுப்பும் உங்களிடமே வந்து சேர்கிறது. எனவே, முதல் நாளை எப்படி அமைப்பது என்பதை மதுரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம்.

மதுரைக்குப் புதிதாக வந்த ஒருவரின் முதல் நாளைச் சிலப்பதிகாரம் விரிவாகவே காட்டுகிறது. வெயிலுக்கு அஞ்சி நிலவொளியில் வழிநடந்து வந்த கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் நகருக்குள் உடனே நுழையவில்லை. மதிற்புறத்துப் புறஞ்சேரியில் தங்குகின்றனர். பின்னர்க் கண்ணகியை அடிகளின் பாதுகாப்பில் இருத்திவிட்டுக் கோவலன் மட்டும் நகருக்குள் செல்கிறான். வணிகர்களுக்குத் தன் நிலையை உணர்த்தி வருவதாகச் சொல்லியே புறப்படுகிறான். ஆயினும், ஊர்காண் காதையில் இளங்கோவடிகள் நமக்குக் காட்டுவது அவன் தெருத்தெருவாக நடப்பதைத்தான். மணிகள் விற்கும் வீதி, பொற்கடை வீதி, துணிகள் விற்கும் அறுவை வீதி, தானியங்கள் குவிந்த கூல வீதி எனப் பார்த்துவிட்டுப் புறஞ்சேரிக்குத் திரும்புகிறான். சிலம்பு அன்று விலைபேசப்படவில்லை. களைத்தவர் ஓய்வெடுக்க ஓரிடம், ஊரின் போக்கை அறிய ஒரு நடை, திரும்பி வர ஓர் இருப்பிடம் ஆகிய மூன்றும் அந்த ஒரு நாளில் அமைந்திருப்பதைக் கவனியுங்கள்.

இன்று சென்னையிலிருந்து இரவில் புறப்படும் பாண்டியன் விரைவுவண்டி விடியற்காலையில் மதுரைச் சந்திப்பில் இறக்கிவிடும். பேருந்தில் வருவோர் எந்த நிலையத்தில் இறங்குகிறோம் என்பதை முன்பே அறிந்திருக்க வேண்டும். சென்னை, திருச்சி, திருநெல்வேலிப் பேருந்துகள் மாட்டுத்தாவணிக்கும், கோவை, தேனிப் பேருந்துகள் ஆரப்பாளையத்திற்கும் வரும். தொடர்வண்டி நிலையத்திற்கு அருகிலுள்ள பெரியார் நிலையம் நகரப் பேருந்துகளுக்கானது. தங்கும் விடுதிகளிலும் இரு வகைக் கணக்கு உண்டு. சில விடுதிகள் நாம் வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்தைக் கணக்கிடும். சில விடுதிகளில் நண்பகல் 12 மணிதான் நாளின் எல்லை. இரண்டாம் வகையில், விடியற்காலையில் வருவோர் கூடுதலாக ஒரு நாள் வாடகை தர நேரலாம். தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டால் அப்பணம் மிஞ்சும்.

குளித்து, உண்டு, சற்றுப் படுத்தெழுந்த பின் முதல் நடையைத் தொடங்கலாம். மதுரையின் தெருக்கள் கோயிலை நடுவில் வைத்துச் சதுரம் சதுரமாக விரிந்தவை. கோயில் மதிலுக்கு உள்ளே இருப்பவை ஆடி வீதிகள். மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதிகள். அவற்றைச் சூழ்ந்து ஆவணி மூல வீதிகள். அதற்கப்பால் மாசி வீதிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில், பிளாக்பர்ன் மதுரை ஆட்சியராக இருந்தபோது கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில் அமைந்தவை வெளி வீதிகள். சித்திரைத் திருவிழாவின் தேர் இன்று ஓடுவது மாசி வீதிகளில் என்பது புதியவரைச் சற்றுக் குழப்பும்! இந்த அமைப்பு மனத்தில் பதிந்துவிட்டால், நிற்கும் தெருவின் பெயரே கோயிலுக்கு எத்தனை தெரு தொலைவில் நிற்கிறோம் என்பதையும் எத்திசையில் நிற்கிறோம் என்பதையும் சொல்லிவிடும். ‘மேல மாசி வீதி’ என்னும் பெயர்ப்பலகை ஒரு முகவரி மட்டுமன்று, வரைபடமும்கூட. ஊர்திகள் செல்லாத சித்திரை வீதிகளில் காலை வெயில் ஏறுமுன் ஒரு சுற்று வந்தால் நான்கு திசைக் கோபுரங்களையும் வெளியிலிருந்தே கண்டுவிடலாம். முதல் நாள் காலைக்கு இது போதும்.

நண்பகலில் கோயில் நடை சாத்தப்படும். மாலை நான்கு மணியளவில்தான் மீண்டும் திறப்பர். இதை அறியாமல் ஒரு மணி வெயிலில், சுடும் கல்தளத்தில் வெறுங்காலோடு வந்து நிற்போரை நாள்தோறும் காணலாம். ஊரே ஓய்வெடுக்கும் அவ்வேளையில் நாமும் அறையில் உறங்குவதே முறை. அதை வீணான நேரம் என்று கருதுவோர் மாலையில் கொட்டாவியோடு கோபுரம் காண்கின்றனர்.

மாலைக்கு ஒரே இடம், கோயில் மட்டும். பொற்றாமரைக் குளத்தின் படிகளில் அமர்ந்தால் ஏறத்தாழ 170 அடி உயரமுள்ள தெற்குக் கோபுரம் எதிரே எழுந்து நிற்கும். ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள தூண்கள் 985. அவற்றுள் பத்துத் தூண்களின் சிற்பங்களை நின்று நிதானமாகப் பார்த்தவர், அனைத்தையும் கடந்து ஓடியவரைவிட மிகுதியாகக் கண்டவராவார். திருமலை நாயக்கர் 1636இல் எழுப்பிய அரண்மனையும், தமுக்கத்தில் இராணி மங்கம்மாளின் அரண்மனையில் அமைந்துள்ள காந்தி நினைவு அருங்காட்சியகமும் மறுநாளுக்கு இருக்கட்டும்.

பகலுறக்கத்தின் பயன் இரவில் தெரியும். நாளங்காடி, அல்லங்காடி எனப் பகலிலும் இரவிலும் கடைகள் இயங்கிய இவ்வூரின் மாலையையும் இரவின் யாமங்களையும் வைகறையையும் மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் விரித்துரைத்துள்ளார். தூங்கா நகரம் என்னும் பெயர் இன்றும் பொருந்துகிறது. இரவு நெடுநேரம் இட்லி அவியும் கடைகளும், பருத்திப்பால் விற்கும் வண்டிகளும், பாலும் பாதாம் பிசினும் நன்னாரியும் கலந்த ஜிகர்தண்டாவும் நடந்து களைத்தவருக்குக் காத்திருக்கின்றன.

கோயிலுக்குள் கைப்பேசிக்கு இடமில்லை. வாயிலிலேயே ஒப்படைக்க வேண்டும். உள்ளே ஒருவர் கூட்டத்தில் பிரிந்துவிட்டால் அழைத்துத் தேட இயலாது. புதியவர் கண்ணுக்கு நான்கு வாயில்களும் ஒன்றுபோலவே தோன்றும். கிழக்கே காலணியை விட்டுச் சென்ற முதியவர் மேற்கே வெளிவந்து திகைத்து நிற்பதுண்டு. ஆகவே, விடுதியின் பெயரையும் தெருவையும் ஒரு தாளில் எழுதி வீட்டார் ஒவ்வொருவரிடமும் கொடுத்துவிடுங்கள். எந்தக் கோபுர வாயிலில் எத்தனை மணிக்குக் கூடுவது என்பதையும் அதே தாளில், பாட்டி கண்ணாடி இல்லாமல் படிக்கக்கூடிய அளவில் பெரிதாக எழுதுங்கள்.