கசியட்டும், கலங்கக் கூடாது!

கெட்டிக்காரக் கண்ணு, உன்னிடம் ஒரு கேள்வி. ஒரு மண் அணையின் பின்பக்கம், கரையின் அடியில் தண்ணீர் கசிகிறது. பார்த்ததும் பயந்து ஓட வேண்டுமா, வேண்டாமா?

"ஓடணும் மாமா!" என்கிறாயா? கொஞ்சம் பொறு. முதலில் அணையைப் பார்த்துவிட்டு வருவோம்.

மேல்மலையனூர்க்காரனான உனக்கு சங்கராபரணி ஆற்றைச் சொல்லித்தர வேண்டியதில்லை. செஞ்சி மலைகளில் பெய்யும் மழைதான் அந்த ஆறாகிக் கிழக்கே ஓடுகிறது. வழியில் தொண்டியாறும் வந்து சேர்கிறது. இரண்டின் தண்ணீரையும் பிடித்து வைத்திருப்பது வீடூர் அணை. 1959-இல் கட்டி முடித்தது. உன் தாத்தா அப்போது பொடியனாக இருந்திருப்பார்.

அணையின் முழு நீர்மட்டம் 32 அடி. மேட்டூரின் 120 அடிக்கு முன்னால் இது பொடிசுதான். ஆனாலும் நிரம்பினால் 605 மில்லியன் கன அடி, அதாவது சுமார் 1,700 கோடி லிட்டர்! தமிழ்நாட்டில் 2,200 ஏக்கரும் புதுச்சேரியில் 1,000 ஏக்கரும் இதை நம்பித்தான் பயிராகின்றன.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. தண்ணீருக்குள் ஒரு மீட்டர் இறங்கினால், ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஒரு டன் எடை அழுத்தும். 32 அடி என்பது ஏறக்குறைய பத்து மீட்டர். அப்படியானால் அடியில் எவ்வளவு? பத்து டன். சபாஷ்! உன் கட்டைவிரல் நகம் அளவு இடத்திலேயே ஒரு கிலோ உட்கார்ந்திருக்கும்.

அத்தனை அழுத்தத்தையும் தாங்கி நிற்பது பெரும்பகுதி வெறும் மண் கரை. நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளம். என்னதான் களிமண்ணைப் போட்டு இடித்து இறுக்கினாலும், மண்ணில் கண்ணுக்குத் தெரியாத சந்துகள் இருக்கும். தண்ணீர் அதில் புகுந்து மெல்ல மெல்ல நகரும். ஆகவே, கசியாத மண் அணை உலகத்திலேயே கிடையாது.

இது புரிந்ததா? புரியாவிட்டால் இன்னொரு முறை படி. இனிமேல்தான் சுவாரசியம்.

கசிவை அடைக்க முடியாது என்று தெரிந்ததும் பொறியாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். கரையின் பின்பக்கம் மணல், சரளை, கல் என்று அடுக்கடுக்காகப் போட்டார்கள். வீட்டில் டீ வடிகட்டி பார்த்திருப்பாயே, அதே வேலைதான். டீ இறங்கும், தூள் தங்கிவிடும். இங்கே தண்ணீர் வெளியே போகும், மண் உள்ளேயே நிற்கும்.

ஒருவேளை மண்ணும் சேர்ந்து வெளியேறினால்? அங்கேதான் ஆபத்து. கரையின் அடியில் ஊற்று போல ஒரு துளை விழும். ஒரு துகள் போனால் அதன் பின்னால் இருந்த துகளுக்குப் பிடிமானம் போய்விடும். அதுவும் கிளம்பும். இப்படித் துளை வெளியிலிருந்து உள்பக்கமாக, அணைத் தண்ணீரைத் தேடி வளர்ந்துகொண்டே போகும். மேலே நடக்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது. துளை தண்ணீரைத் தொட்ட பிறகு சில மணி நேரம்தான், கரை போய்விடும்.

அதனால் கசிவுத் தண்ணீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார்கள். தெளிவாக இருந்தால் பொதுவாகப் பயமில்லை. கலங்கியிருந்தால், அடியில் மண் படிந்தால், உடனே கவனிக்க வேண்டும். இன்னொன்றும் பார்ப்பார்கள்: நீர்மட்டம் ஏறாமலே கசிவு மட்டும் அதிகமாகிறதா என்று. இப்போது முதல் கேள்விக்கு நீயே பதில் சொல்வாய்.

துளைக்கு வழி காட்டுபவை பல. கரையில் முளைத்த மரத்தின் வேர், எலி வளை, நண்டு வளை. 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்ற சின்ன அணை உடைந்து பல உயிர்கள் போயின. நண்டுகள்தான் காரணம் என்றார் ஓர் அமைச்சர்! ஆனால் கசிவு இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். வளை தோண்டுவது நண்டின் பிழைப்பு. அதைப் பார்த்து அடைப்பது மனிதர்களின் வேலை. நண்டைக் குற்றம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மண் கரைக்கு இன்னோர் எதிரியும் உண்டு. தண்ணீர் கரைக்கு மேலே வழிந்தால் மண்ணை அறுத்துக்கொண்டு ஓடும். அதனால்தான் வெள்ளக் காலத்தில் ஷட்டரைத் திறந்து உபரிநீரை விடுகிறார்கள். ஃபெஞ்சல் புயலின்போது, வீடூருக்குப் பக்கத்தில் உள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி பதிவான அளவு அது. அப்படிப்பட்ட நாளில் திறந்துவிடும் தண்ணீர் கீழேயுள்ள ஊர்களுக்குத் துன்பம்தான். ஆனால் திறக்காமல் இருந்தால் துன்பம் பல மடங்கு. முன்கூட்டியே எச்சரித்துவிட்டுத் திறக்க வேண்டும்.

பழைய அணைதான் ஆபத்து, புதிது பத்திரம் என்று நினைக்கிறாயா? நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே தளவானூரில் தென்பெண்ணையின் குறுக்கே சுமார் 25 கோடி ரூபாயில் 2020-இல் ஒரு தடுப்பணை கட்டினார்கள். 2021 ஜனவரியிலேயே அதன் ஒரு பக்கம் இடிந்துவிட்டது. இத்தனை வயதான வீடூர்க் கரையோ தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. வயதைவிடக் கட்டிய விதமும் கவனிப்பும்தான் பெரிது.

உன் ஊர் ஏரிக்கரையும் இதே குடும்பம்தான் கண்ணு. அடுத்த மழைக்காலத்தில் பெரியவர்களோடு போகும்போது கரையின் பின்பக்கத்தைக் கவனி. கலங்கல் ஊற்று கண்ணில் பட்டால் கிட்டே போகாதே, கையால் அடைக்கவும் பார்க்காதே. வீட்டுப் பெரியவரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் உடனே சொல். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசி எண் 1077.