இங்கே உனக்கென்ன வேலை?

சத்தம் போடாமல் உள்ளே வாருங்கள். நாம் இப்போது நிற்பது ஒரு மனித செல்லுக்குள். நடுவில் உருண்டையாகத் தெரிகிறதே, அதுதான் உட்கரு. பிரித்து நீட்டினால் இரண்டு மீட்டர் வரக்கூடிய டி.என்.ஏ. அதற்குள் சுருண்டு கிடக்கிறது. யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. இப்போது உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில், சில நூறு எழுத்து நீளமுள்ள ஒரு துணுக்கைப் போட்டுப் பாருங்கள். அவ்வளவுதான், ஊரே திரண்டுவிடும்!

வேடிக்கை என்னவென்றால், அந்தத் துணுக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கே ஒருவரும் படித்துப் பார்ப்பதில்லை. ஹெர்ப்பிஸ் வைரஸுடையதா, லிஸ்டீரியா பாக்டீரியாவுடையதா, ஒருவேளை நம்முடையதேதானா என்ற விசாரணையெல்லாம் கிடையாது. செருப்பு வாசலில் கிடந்தால் வெறும் செருப்பு. பூஜை அறையில் கிடந்தால் வீடு ரெண்டாகிவிடும். செல்லின் கணக்கும் அதேதான். கிடக்கிற இடம்தான் குற்றம்.

சரி, கத்துவது யார்? இதுதான் பல வருஷம் பிடிபடாமல் இருந்தது. 2008இல் மயாமியில் க்ளென் பார்பரின் குழு ஸ்டிங் என்ற புரதத்தைக் கண்டுபிடித்தது. அது இல்லாத செல்களில் டி.என்.ஏ.வைப் போட்டால் எதிர்ப்பு சப்பென்று போய்விடுகிறது. ஆக, ஸ்டிங் இதில் கூட்டாளி என்பது உறுதி. டி.என்.ஏ.வைக் கண்ணால் பார்த்து ஸ்டிங்கிடம் வந்து சொல்வது யார்? அது தெரியவில்லை.

இங்கிருந்து டல்லாஸுக்குப் போவோம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சவுத்வெஸ்டர்ன் மருத்துவ மையம், ஜேம்ஸ் சென் என்கிற ஜிஜியான் சென்னின் ஆய்வுக்கூடம். ஜியாஷி வூ என்ற ஆராய்ச்சி மாணவர், லிஜுன் சுன் என்ற அனுபவசாலி, இன்னும் சிலர். எலியின் எல்929 செல்களுக்குள் டி.என்.ஏ.வைச் செலுத்துகிறார்கள். செல்களை உடைத்துச் சாற்றை எடுக்கிறார்கள். அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அந்தச் சாற்றை 95 டிகிரிக்குச் சூடாக்கினார்கள்! புரதமெல்லாம் வெந்து திரிந்துபோகும் சூடு அது. திரிந்ததைச் சுழற்றி ஒதுக்கிவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்துப் புதிய செல்களுக்குள் விட்டார்கள். விடுவதற்கு ஓட்டை வேண்டுமே? அதற்கும் ஆள் வைத்திருந்தார்கள்: பெர்ஃபிரிங்கோலைசின் என்ற பாக்டீரியா நச்சு, செல்லின் சவ்வைக் கச்சிதமாகத் துளைக்கக்கூடியது. தெளிந்த நீர் உள்ளே போனதும் புதிய செல்கள் அலறத் தொடங்கின. மிச்சமிருந்த டி.என்.ஏ.வை நொதி போட்டு அழித்த பிறகும் அதே அலறல்.

டி.என்.ஏ. இல்லை, புரதமும் இல்லை. அப்படியானால் சேதியைச் சுமந்துபோனது சூட்டுக்கு அசையாத ஏதோ ஒரு குட்டி மூலக்கூறாகத்தான் இருக்க வேண்டும்.

பாக்டீரியாக்களிடம் இப்படி இரண்டு மூலக்கூறுகள் இருப்பது முன்பே தெரியும். ஒன்று இரண்டு ஜி எழுத்துகளை வளையமாகக் கட்டியது, மற்றது இரண்டு ஏ எழுத்துகளைக் கட்டியது. நிறைமானியில் முதலாவதற்கு 691.1 என்று காட்ட வேண்டும், அடுத்ததற்கு 659.1. தேடினார்கள், இரண்டுமே இல்லை. ஆனால் 675.1 என்ற இடத்தில் ஒரு கோடு எழும்பி நின்றது. கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்கள், நான் காத்திருக்கிறேன். சரியாக நட்டநடு! அப்படியென்றால் ஒரு ஜி, ஒரு ஏ, இரண்டும் சேர்ந்த கலப்பு வளையம். சிகேம்ப் என்று பெயர். பாலூட்டி செல்லே இப்படியொன்றைத் தயாரிக்கும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடக் கணக்கில் ஒரு மூலக்கூறு மாட்டிக்கொண்டதை நினைத்தால் இன்னும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

சேதி கிடைத்துவிட்டால் அனுப்பியவரைப் பிடித்துவிடலாம். சாற்றைப் பல வழிகளில் வடித்து, எந்த வடிப்பிலும் சிகேம்ப் தயாரிக்கும் திறனோடு கூடவே வரும் புரதம் எது என்று பார்த்தார்கள். சிக்கியது, மனிதரில் சி6ஓஆர்எஃப்150 என்று எண் மட்டும் போட்டு வைத்திருந்த, வேலை தெரியாத ஒரு புரதம். அதற்கு சிகேஸ் என்று பெயர் வைத்தார்கள். சேதியைப் பற்றி ஒன்று, அனுப்பியவரைப் பற்றி ஒன்று என 2013இல் சயன்ஸ் இதழில் இரண்டு கட்டுரைகள் அச்சாயின. 2024இல் சென்னுக்கு லாஸ்கர் விருது.

இப்போது மறுபடி செல்லுக்குள் வந்து பாருங்கள், எல்லாம் புரியும். டி.என்.ஏ.வின் முதுகெலும்பை சிகேஸ் பற்றுகிறது. எழுத்துகளைப் படிப்பதே இல்லை. இரண்டு சிகேஸ் இரண்டு டி.என்.ஏ. துண்டுகளை நடுவில் வைத்து ஜோடி சேர்கின்றன. நீளமான டி.என்.ஏ. என்றால் கூட்டம் இன்னும் பெருகி, திரவத் துளிகளாகவே திரண்டுவிடுகின்றன. ஏ எழுத்துக்கு ஏ.டி.பி.யும் ஜி எழுத்துக்கு ஜி.டி.பி.யும் உள்ளே போக, சிகேம்ப் வெளியே வருகிறது. அது ஸ்டிங்கில் போய் ஒட்ட, ஸ்டிங் இருந்த இடத்தை விட்டு செல்லின் கோல்ஜி என்ற பகுதிக்குக் கிளம்ப, கடைசியில் வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் சுரக்கிறது. சிகேம்ப் சும்மா இருக்குமா? செல்களுக்கு இடையிலுள்ள சந்துகள் வழியாகப் பக்கத்து செல்லுக்கும் நழுவிப்போய், வைரஸ் வருமுன்பே அங்கேயும் மூட்டிவிடுகிறது.

அப்படியானால் நம் சொந்த டி.என்.ஏ.வைக் கண்டு சிகேஸ் ஏன் அலறுவதில்லை? சிகேஸ் உட்கருவுக்குள்ளும் இருக்கிறது என்பது தெரிந்தபோது பலருக்குத் தூக்கிவாரிப்போட்டது. 2020இல் விடை வந்தது. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் உருளையே சிகேஸைப் பிடித்து அமுக்கி வைத்திருக்கிறது. வெளியே சிந்துகிற துணுக்குகளை ட்ரெக்ஸ்1 என்ற நொதி தின்று தீர்க்கிறது. அந்த நொதி பழுதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு ஐகார்டி-கூத்தியேர் நோய் வருகிறது. எந்தக் கிருமியும் இல்லாமலே ஓயாத அலறல், மூளை பாதிப்பு. இந்த இடத்தில் மட்டும் விளையாட்டுப் பேச்சு வேண்டாம்.

எதிராளியும் லேசுப்பட்டவன் இல்லை. வேக்ஸினியா போன்ற பெரியம்மை வகை வைரஸ்கள் சைட்டோபிளாசத்திலேயே குடியிருந்து பெருகுகிறவை. சிகேஸ் கண்ணில் படாமல் தப்பவே முடியாது. அதனால் அவை சேதியையே வழியில் வெட்டிப்போட ஒரு கத்தியைக் கொண்டுவருகின்றன. பாக்ஸின் என்ற அந்த நொதி சிகேம்ப் வளையத்தை நறுக்கிவிடுகிறது. பார்த்துக்கொண்டே இருந்தும் சிகேஸால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

இந்த ஏற்பாடு மனிதனின் சொந்தச் சரக்கு என்று நினைத்திருந்தால், இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரோடெம் சோரெக்கின் குழு 2019இல் சொன்னதைக் கேளுங்கள். பாக்டீரியாக்களிடமும் சிகேஸின் தூரத்து உறவு ஒன்று இருக்கிறது, அவற்றைத் தாக்கும் வைரஸ்களுக்கு எதிராக. வைரஸ் நுழைந்ததும் அதுவும் சிகேம்ப் தயாரிக்கிறது. அங்கே சேதியை வாங்கிக்கொள்ளும் புரதம் இன்டர்ஃபெரானுக்கெல்லாம் போவதில்லை. தன் செல்லின் சவ்வையே அரித்து உடைத்துவிடுகிறது. பாக்டீரியா செத்துப்போகும், உள்ளே பாதி தயாரான வைரஸ் குஞ்சுகளும் கூடவே காலி!