மூளைக்குப் போற குறுக்குச் சந்து



அன்றாட வாசனையும் ஓசையும் தருவது இனிய நினைவா, கசந்த நினைவா? நான் கசப்பு அணி. 'மல்லிகை வாசம் அடிச்சா யாருக்குங்க மனசு வலிக்கும்?' என்று எதிரணித் தோழர் கேட்டுட்டுப் போனார். ஐயா, ஒரு நாள் எங்க கோரிப்பாளையத்துக்கு வாங்க. (சிரிப்பு)

ஒரு பக்கம் தர்கா. சாம்பிராணி, சந்தனம், ரோஜாப்பூ. கூப்பிடு தூரத்தில் ராஜாஜி அரசு மருத்துவமனை. பழைய ஆளுங்களுக்கு அது இன்னைக்கும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரிதான். அங்கே பினாயில். எங்க பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பினாயில் வாசம் வந்தா முகம் மலர்ந்துடும். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழிச்சுப் பிள்ளை பெத்தது அங்கதான். அதே தெருவில ஒரு ஆட்டோக்காரர். அப்பாவைப் பிணவறையில இருந்து வாங்கிட்டு வந்தவர். சவாரியை வாசலுக்கு ஐம்பதடி முன்னாடியே இறக்கி விட்டுடுவார். பினாயில் ஒண்ணுதான். முதல்ல அது எதோட முடிச்சுப் போட்டுக்கிச்சுங்கறதுதான் வேற.

நம் மூக்கில் வாசனையைப் பிடிக்க ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் உண்டு. இவற்றுக்கான மரபணுக்களை 1991-ல் கண்டுபிடித்த ரிச்சர்ட் ஆக்சல், லிண்டா பக் இருவருக்கும் 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. கண் பார்ப்பதும் காது கேட்பதும் மூளையில் தலாமஸ் என்ற இடத்துக்குப் போய், தபாலாபீஸ்ல கடிதம் பிரிக்கிற மாதிரி பிரிந்துதான் மேலே போகும். வாசனை அங்கே நிற்பதில்லை. பயத்தைக் காக்கிற அமிக்டலாவுக்கும், நினைவைச் சேர்க்கிற ஹிப்போகேம்பஸுக்கும் குறுக்குச் சந்தில் போய்விடும். அதனால்தான் ஆளு பேரு ஞாபகம் வர்றதுக்கு முன்னாடியே அழுகை வந்துடுது.

அந்த மல்லிகைக்கு வருவோம். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய எங்க ஊர் மல்லி. அதன் மணத்தில் இண்டோல் என்றொரு பொருள் உண்டு. அதே இண்டோல் சாணத்திலும் உண்டு! (சிரிப்பு) பூவுலயே ரெண்டும் இருக்கும்போது, மனுசன் மனசுல இருக்காதா?

ஓசைக்கும் ஒரு குறுக்குச் சந்து உண்டு. தலாமஸ் போன கையோட அமிக்டலாவைத் தொட்டுவிடும். 'இது வேட்டா, குண்டா?' என்று அறிவு விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து தப்பி வந்த தமிழர்கள் நம்ம ஆனையூர் முகாமில் இருக்கிறார்கள். சித்திரையில் நாம ஆசையா வேட்டுப் போடுறோம். அங்கே ஒரு பெரியவர் காதைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்தால், 'என்ன பெருசு, பயமா?'ன்னு சிரிக்கிறவங்க இருக்காங்க. அவரு பயந்தாங்கொள்ளி இல்லைய்யா! ஷெல்லடிக்கு நடுவுல பிள்ளையைத் தூக்கிட்டு ஓடி வந்த மனுசன். (பலத்த கைதட்டல்)

இதுக்கு மருந்து உண்டு. பயந்த ஓசையையோ வாசனையையோ பத்திரமான இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குகிறார்கள் மனநல மருத்துவர்கள். பழைய முடிச்சு அவிழாது. அதன்மேல் புது முடிச்சு ஒன்று விழும். அதுக்கு நாளாகும். அதுவரைக்கும் வேட்டுப் போடுறதுக்கு முன்னாடி, 'ஐயா, இப்பப் போடப் போறோம்'னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போகும்?

நடுவர் மணியடிச்சுட்டாங்க. எனக்குப் பள்ளிக்கூடம் விட்ட ஞாபகம் வருது. (சிரிப்பு, கைதட்டல்)